சொந்தக்காரர் வீட்டுக்கு வாடகை கிடையாது

அந்தமானில், போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் யார் வீட்டுப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்தாலும் சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் அப்பா திருநாவுக்கரசைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார். அறுபதுகளின் தொடக்கம் அது. தீவில் கல்லூரி கிடையாது. மேலே படிக்க வேண்டுமென்றால் கப்பலேறி மெட்ராஸுக்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டும். மூன்று நாலு நாள் வாந்தியெடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்த பிறகு எங்கே தங்குவது, என்ன செலவாகும், யார் சோறு போடுவார்கள் என்பதெல்லாம் தீவுக்காரர்களுக்கு வெளிநாட்டு விவகாரம். பாஸ்போர்ட் ஒன்றைத்தான் யாரும் கேட்கவில்லை.

திருநாவுக்கரசு துறைமுக ஆபீசில் கிளார்க். மெயின்லேண்டுக்குப் போகும் கப்பல் டிக்கெட்டெல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும். கப்பலைப் பற்றித் தெரிந்த மனுஷருக்குக் கப்பல் போய் நிற்கும் ஊரைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று ஜனங்கள் அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அவரும் போனால் போகிறதென்று விட்டுவிட்டார். டீக்கடை பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு விரலை மடக்க ஆரம்பித்துவிடுவார். ஹாஸ்டலா, அங்கே சாம்பாரில் பருப்பைத் தேடத் தனியாக ஆள் வைக்க வேண்டும். திருவல்லிக்கேணி லாட்ஜா, மூட்டைப்பூச்சிக்கும் சேர்த்து வாடகை கேட்பான். ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரி வீட்டில் காசு கொடுத்துத் தங்குவதா, மூன்று வேளையும் ரொட்டியைத் தின்று பையன் பேச்சே மாறிப்போகும். இப்படி ஒவ்வொன்றாக அடித்துப் போட்டுவிட்டுக் கடைசி விரலுக்கு வருவார். அது சொந்தக்காரர் வீடு.

இதில் ஒன்றிலாவது அவர் தங்கியிருக்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெரிய வம்பாகியிருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் காஞ்சிபுரத்தில் அம்மா கையால் சாப்பிட்டுப் படித்தவர் அவர். மெட்ராஸில் அவர் தங்கியது ஒரே ஒரு ராத்திரி. அதுவும் கப்பலுக்குக் காத்துக்கொண்டு துறைமுகக் கொட்டகையில், தகரப்பெட்டியில் தலையை வைத்துக்கொண்டு. ஆனால் பேச்சில் அந்த ராத்திரி முப்பது வருஷ அனுபவமாகிவிடும். பெங்காலிக்காரரும் தெலுங்குக்காரரும்கூட அவரிடம் வந்து யோசனை கேட்டார்கள். அவர்களிடம் தீவு ஹிந்தியில் எடுத்து விடுவார்: “ரிஷ்தேதார் ஹை தோ கிராயா காய்கோ பாய்சாப்?” சொந்தக்காரன் இருக்கும்போது வாடகை எதற்கு என்பதுதான் அவருடைய மொத்த ஞானமும்.

இந்தச் சொந்தக்காரர்களின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தொன்றில் திருநாவுக்கரசுக்கு அந்தமானில் வேலை கிடைத்தபோது வழியனுப்ப ஒரு ஆள் வரவில்லை. என்ன குற்றம் பண்ணினான் என்று இரண்டு பேர் அவர் அம்மாவிடமே கேட்டார்கள். பெரியப்பா மகன் கோவிந்தராஜ் மெட்ராஸிலேயே, புரசைவாக்கத்தில் இருந்தவர். துறைமுகத்துக்கு டிராமில் வரக்கூடிய தூரம்தான். அன்றைக்குப் பார்த்து அவருக்கு வயிற்றுப்போக்கு. ஆனால் நாலு வருஷம் கழித்துத் திருநாவுக்கரசு லீவில் போனபோது ஒரு படாக் நாற்காலி கொண்டு போனார். படாக் என்பது தீவுக் காட்டு மரம். செக்கச் சிவந்திருக்கும், கரையான் கிட்டே வராது. மெயின்லேண்டுக்குப் போகிற தீவுக்காரன், வன இலாகாவில் பாஸ் வாங்கிக்கொண்டு படாக்கில் ஏதாவது ஒன்றைச் செய்து கொண்டு போகாமல் இருந்தால் அவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அந்த நாற்காலியைக் கோவிந்தராஜ் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் தம்பி என்று ஒருவன் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

திருநாவுக்கரசின் ஒரே மகள் நீலாவதி வகுப்பில் முதலாவதாக வருகிறவள். அவளுக்கு மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. சயின்ஸ் படித்து டிகிரி வாங்கிக்கொண்டு திரும்பி வந்து தீவிலேயே டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்ன, பத்து வயதிலிருந்து மண் சுவரில் கரியால் எழுதி, கோழிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள்தான். ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள் என்று பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னாள். நீலாவும் அதையேதான் சொன்னாள். அவர் மனைவி மரகதம் அதிகம் பேசாத மனுஷி. அவள்கூட அன்றைக்கு அடுப்படியிலிருந்து எழுந்து வந்து சொன்னாள்.

“ஹாஸ்டல்லயே விட்டுடுங்க. பணத்தோட போயிடும்.”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொந்தக்காரர் வீடு என்று சொல்லிவிட்டுத் தன் பெண்ணை ஹாஸ்டலில் போட்டால் டீக்கடையில் எவன் மதிப்பான்? அன்றைக்கே கோவிந்தராஜுக்கு எழுதிப் போட்டார். பதிலும் அடுத்த கப்பலிலேயே வந்துவிட்டது. நம் வீட்டுக் குழந்தை நம் வீட்டில் இருக்கக் கேள்வி என்ன, அண்ணன் தம்பிக்குள் காசு பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு விஷயம், மெட்ராஸ் தரை சளி பிடிக்கிற தரை. குழந்தை படுக்கக் குழந்தைக்கென்று ஒரு படாக் கட்டில் இருந்தால் தேவலை. திருநாவுக்கரசு இதைப் பஜாரில் நாலு கடையில் வாசித்துக் காட்டினார். பாருங்கள், வாடகை வேண்டாம் என்பதோடு பெண்ணின் சளியைப் பற்றியும் ஒரு மனுஷன் கவலைப்படுகிறான்.

கட்டிலைச் செய்தவர் தச்சர் ஜெபராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அவர் கை பட்ட பலகையில் மூட்டு எங்கே இருக்கிறதென்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டும். கட்டில் சாக்கு சுற்றிக்கொண்டு நீலாவதியோடு கப்பலேறியது. ஏற்றும்போது இரண்டு கூலிகளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

புரசைவாக்கத்தில் கோவிந்தராஜ் இருந்தது ஒரு போர்ஷன். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. அவரும் மனைவி அன்னம்மாளும் மட்டும்தான். மகன்கள் இரண்டு பேரும் பம்பாயில். கட்டில் வந்து இறங்கியது, அறையில் போட்டார்கள். அன்றைக்கே கோவிந்தராஜுக்கு முதுகு வலி கண்டது. குழந்தை சின்ன வயசு, தரையில் படுத்தால்தான் எலும்பு நேராக வளரும் என்று அன்னம்மாள் சொல்லிவிட்டாள். மெட்ராஸ் தரையின் சளி அன்றோடு குணமாகிவிட்டது. நீலாவதி எழுதும் கடிதத்தையெல்லாம் அன்னம்மாள் வாசித்துவிட்டுத்தான் தபால் பெட்டியில் போடுவாள். அதனால் பெண் ஒரே வரியில் எழுதினாள், பெரியப்பா கட்டிலில் நன்றாகத் தூங்குகிறார் என்று. அதைப் படித்துத் திருநாவுக்கரசு பூரித்துப்போனார். மரகதம்தான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து, குழந்தை படிக்க ஒரு மேஜை. போயிற்று. அதன் மேல் ரேடியோ உட்கார்ந்தது. குழந்தையின் துணிமணியும் புத்தகமும் வைக்க ஒரு பீரோ. அதுவும் போயிற்று, அன்னம்மாளின் பட்டுப்புடவைகள் குடியேறின. நாலு பேர் வந்தால் உட்கார நாலு நாற்காலி. குழந்தை இவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்திருக்கிறாளே, தரையில் உட்கார்ந்தா சாப்பிடுவாள் என்று ஒரு சாப்பாட்டு மேஜை. அதில் யாரும் ஒரு நாளும் சாப்பிடவில்லை. ஊறுகாய் ஜாடியும் வடாம் டப்பாவும் அதன் மேல் ஏறிக்கொள்ள, மூன்று பேரும் சமையலறைத் தரையில் தட்டை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் வீடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. நீலாவின் பாய் அறையிலிருந்து ஹாலுக்கு வந்தது. ஹாலில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது. பிறகு மூலை என்று ஒன்று மிச்சமில்லை.

பி.எஃப். பணத்தைப் பாதிக்கு மேல் கரைத்து மரமாக்கிய பிறகும் திருநாவுக்கரசு டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வார், பெண்ணை மெட்ராஸில் படிக்க வைக்கிறேன், ஒரு நயா பைசா வாடகை கிடையாது என்று. ஜெபராஜ் ஒரு நாள் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க எனக்குக் குடுத்த கூலியிலயே பாப்பா ஹாஸ்டல்ல தயிர் ஊத்திச் சாப்பிட்டிருக்கும்லா.”

திருநாவுக்கரசு இரண்டு வாரம் ஜெபராஜோடு பேசவில்லை. நடுவில் நீலாவே அன்னம்மாள் கண்ணில் படாமல் ஒரு கார்டு எழுதிப் போட்டாள், இனிமேல் ஒன்றும் அனுப்ப வேண்டாம் அப்பா என்று. தகப்பன் செலவை நினைத்துப் பெண் உருகுகிறாள் என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கேயாவது உறைத்திருக்க வேண்டுமே. கிடையாது.

இரண்டாவது வருஷம் அரைப்பரீட்சையில் நீலாவுக்கு இரண்டு பாடம் போய்விட்டது. ஏப்ரலிலும் போனால் படிப்பு நின்றுவிடும், ஊருக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று எழுதியிருந்தாள். திருநாவுக்கரசுக்கு ஒன்றும் புரியவில்லை. கோழிக்குப் பாடம் எடுத்த பெண் எப்படித் தோற்கும்? மெட்ராஸில் சினிமா பார்க்கிறாளோ என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். மரகதம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். லீவு போட்டார். பழனிக்கும் திருப்பதிக்கும் போய் மொட்டை போட வெகுநாளாகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டார். வெறுங்கையோடு அண்ணன் வீட்டுக்குப் போக முடியுமா என்று, கோவிந்தராஜ் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஊஞ்சல் பலகையையும் கொண்டு போனார். இதைத்தான் மனுஷனுக்குப் பட்டும் புத்தி வராது என்பது.

ஊஞ்சலைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு மத்தியானம் புரசைவாக்கம் போய்ச் சேர்ந்தார். கதவு பாதிதான் திறந்தது, பின்னால் ஒரு நாற்காலி. அதைத் தாண்டினால் இன்னொரு நாற்காலி. ஹால் முழுக்கச் சிவப்பு மரம் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. கோவிந்தராஜ் அறையிலிருந்து பக்கவாட்டில் நடந்து வெளியே வந்தார். நேராக வர வழியில்லை. உட்காரு தம்பி என்றார். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எங்கேயும் நிற்கத்தான் இடமில்லை. திருநாவுக்கரசு தானே அனுப்பிய நாற்காலியில் முழங்காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அவருக்கு அப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நாலு மணிக்கு நீலாவதி கல்லூரியிலிருந்து வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் வந்து நிற்க வழி இல்லாததால் அங்கிருந்தே சிரித்தாள். செருப்பைக் கழற்றினாள். பிறகு குனிந்து, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். ஏதோ கீழே விழுந்துவிட்டது, எடுக்கிறாள் என்று திருநாவுக்கரசு நினைத்தார். அவள் வெளியே வரவில்லை. உள்ளே பை வைக்கிற சத்தமும் புத்தகம் எடுக்கிற சத்தமும் கேட்டன. அவர் எழுந்து குனிந்து பார்த்தார். மேஜையின் நாலு காலுக்கு நடுவில் பாய் விரித்திருந்தது. குறுக்குச் சட்டத்தில் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. ஒரு காலில் சின்னக் கண்ணாடி கட்டியிருந்தது. அவருடைய மகள் உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேஜைக்கு மேலே படிக்க வேண்டாமென்று தான் சொல்லவே இல்லை, ஜாடி இருப்பதால் அவளாகத்தான் கீழே போய்விட்டாள் என்று அன்னம்மாள் சமையலறையிலிருந்து சொன்னாள். கோவிந்தராஜ் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார்.

“நம்ம படாக்கு, தம்பி. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது.”

திருநாவுக்கரசு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவமானமாக இருந்தது, அண்ணனை அறைய வேண்டும் போல இருந்தது, அதைவிடத் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. இங்கேதான் படிக்கிறாயா, என்னிடம் ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேட்டிருக்கக் கூடாதா, இவர்களிடமாவது ஒரு இடம் கேட்டிருக்கக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டார். நீலா அழவில்லை. பரீட்சைக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“வாடகை குடுத்திருந்தா, என் எடம் எங்கன்னு கேட்டிருப்பேம்பா. சும்மா தங்கறவ என்னன்னு கேப்பா?”

அதற்குப் பிறகு திருநாவுக்கரசுக்கு வந்ததே ஒரு வேகம். இந்த மேஜையை இப்போதே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று எழுந்தார். தாராளமாக எடுத்துக்கொள் என்று கோவிந்தராஜ் விலகிக்கூட நின்றார். ஜாடிகளை இறக்கிவிட்டுப் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு மேஜையை நகர்த்தினால், கதவில் இடிக்கிறது. சாய்த்தார்கள், திருப்பினார்கள், காலை முன்னால் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே வந்தபோது பலகை வேறு கால் வேறாக வந்தது. பூட்டியது ஜெபராஜ் சொல்லியனுப்பிய முறைப்படி. பூட்டினால் பூட்டினதுதான், மரத்தை அறுத்தால் தவிரப் பிரியாது. அரைமணி நேரம் வியர்த்து ஒழுகியபின் மேஜை பழைய இடத்திலேயே நின்றது. ஜாடிகள் மறுபடி ஏறிக்கொண்டன.

மறுநாள் தகப்பனும் மகளும் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனார்கள். யாரோ ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவள் கட்டில் காலியாகியிருந்தது. பழனிப் பணமும் திருப்பதிப் பணமும் அப்படியே ஹாஸ்டல் கட்டணமாயின. முருகனும் பெருமாளும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது, மரகதம்தான் என்ன சொல்வாளோ. ஆனால் வார்டன் அம்மாள் இன்னொன்று கேட்டாள். வெளியூர்ப் பெண் என்றால் உள்ளூரில் பொறுப்பாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மெட்ராஸில் அவர்களுக்கு உள்ளூர் ஆள் என்றால் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

திரும்பப் புரசைவாக்கம் போனார்கள். கோவிந்தராஜ் தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். அண்ணன் வீடு இருக்கும்போது பெண் ஹாஸ்டலுக்குப் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று பெருமூச்சு விட்டார். சரி, உன் இஷ்டம் என்றார். பேனாவைத் திறந்துவிட்டு, எழுதாமல், நிமிர்ந்து பார்த்தார்.

“ஊஞ்சல் கப்பல்ல வந்துட்டதுன்னு சொன்னியே?”

சாயங்காலம் கைவண்டியில் ஊஞ்சல் வந்து சேர்ந்தது. கையெழுத்தும் அப்போதுதான் விழுந்தது. ஹாலில் அதைத் தொங்கவிட வேறு இடமே இல்லை, சாப்பாட்டு மேஜையை ஒட்டித்தான் தொங்கவிட்டார்கள். இனி அந்தப் பெண்ணே திரும்பி வர நினைத்தாலும் குனிந்து உள்ளே போக வழி கிடையாது.

ஹாஸ்டலில் ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் அப்பாக்களை மட்டும் ஒரு தடவை அறை வரைக்கும் விடுவார்கள். திருநாவுக்கரசு பெட்டியை இறக்கிவிட்டுப் பார்த்தார். துருப்பிடித்த இரும்புக் கட்டில். சாதா மரத்தில் ஒரு மேஜை. அதன் மேல் ஒன்றுமே இல்லை. ஜன்னல் வெளிச்சம் நேராக அதில் விழுந்துகொண்டிருந்தது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. படுத்துப் பார் என்றார். நீலா சிரித்துக்கொண்டே படுத்தாள். ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டாள்.

“காலை நீட்டிப் படும்மா.”

நீட்டினாள். அவர் சுவரோரம் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கால் மறுபடி மடங்கியிருந்தது. பழகிப்போச்சுப்பா, சரியாயிடும் என்றாள்.

ஏப்ரலில் இரண்டு பாடத்திலும் தேறிவிட்டாள். டிகிரியும் வாங்கினாள். போர்ட் பிளேரில் டீச்சராகத் திரும்பி வந்தாள். இதற்குள் தீவிலேயே கல்லூரி வரப்போகிறது என்று பேச்சு. பாராடாங் மாதிரி மற்ற தீவுகளிலிருந்து பிள்ளைகள் போர்ட் பிளேருக்கு வந்து தங்குவது எப்படி என்று கேட்டுக்கொண்டு அப்பாக்கள் திருநாவுக்கரசைத் தேடி வந்தார்கள். அவர் விரல் மடக்குவதை விட்டுவிட்டார். வாடகை கொடு, கொடுத்துவிட்டுப் பிள்ளையின் பாய் எங்கே விரிப்பார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வா என்பார். மனுஷனுக்கு வயசாகிவிட்டது, பழைய பேச்சில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

மகள் வருகிறாள் என்றதும் ஜெபராஜிடம் ஒரு கட்டில் சொல்லியிருந்தார். எட்டடி நீளம் வேண்டும் என்றார். எட்டடியில் யார் அண்ணாச்சி படுக்கப்போறது என்று ஜெபராஜ் கேட்டார். செய்துகொடு என்று மட்டும் சொன்னார். ஜன்னலோரம் போட்ட அந்தக் கட்டிலில் நீலாவதி மேல்பாதியிலேயே ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்கினாள். கீழ்ப்பாதி காலியாகவே கிடக்கும். மரகதம் ஒரு நாள் துவைத்த துணியை மடித்து அங்கே வைத்தாள். திருநாவுக்கரசு அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடியிலேயே திரும்பப் போட்டுவிட்டு வந்தார்.